மூன்று பஸ், ஒரு நாற்காலி

எங்கள் பஸ் ஸ்டாப்பில் பஸ் தனியாக வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வராவிட்டால் ஒன்றுமே வராது. வந்தால் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டு, மூன்று, சில சமயம் நான்குகூட வரும். பழைய கிள்ளான் சாலையில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. வெளியிலிருந்து வரும் உறவுக்காரர்கள்தான், "என்ன, பஸ் எல்லாம் சேந்து பொண்ணு பாக்கப் போகுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

நான் சிரிக்கும் நிலையில் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்துக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் பேச்சில் அதை 'ரத்தம் கழுவுறது' என்போம். மத்தியான வேளைக்கு அவருக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். அவர் எழுந்ததும் அதே நாற்காலிக்குச் சாயங்கால நோயாளி வந்துவிடுவார். அதனால் நாங்கள் எவ்வளவு பிந்துகிறோமோ அவ்வளவும் எங்கள் நான்கு மணியிலிருந்துதான் கழியும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சாயங்காலத்தில் வருகிறவருக்கும் உயிர் ஒன்றுதானே.

ஒருமுறை அப்படிக் குறைந்து போனது. உடம்பில் தேங்கிய நீரை முழுவதும் எடுக்காமலே எழுப்பிவிட்டார்கள். மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை. இரண்டு தலையணையைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தேன். படி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்வதற்கே அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. அன்றிலிருந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் எனக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

வாரத்தில் மூன்று நாள் போக வர டாக்சி வைப்பது எங்களால் ஆகிற காரியம் இல்லை. ரவாங்கில் வாக்கப்பட்ட மகள் என் கைத்தொலைபேசியில் பஸ் வருவதைக் காட்டுகிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதில் பார்த்தால் பஸ் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று இட்லிபோல ஒட்டிக்கொண்டு எங்கோ நிற்கும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் நகராது. அதனால் நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு என் பழைய வழக்கத்துக்கே போய்விடுவேன். கிளம்பும் முன் சாமி மேடையில் விளக்கேற்றி, அவர் நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன். பஸ் ஸ்டாப்பில் நின்றதும், "ஆத்தா, ஒரு பஸ் அனுப்பு" என்று மாரியம்மனை வேண்டிக்கொள்வேன். வரிசையாக வந்தாலும் முதல் பஸ்ஸில்தான் ஏறுவேன். நான் கேட்டதற்கு அவள் அனுப்பி வைத்தது அதுதானே? வாசலுக்கு வந்த சீதேவியைப் பார்த்து, நீ போ, பின்னால் இன்னொருத்தி வருகிறாளாம் என்று யாராவது சொல்வார்களா?

அந்த முதல் பஸ் எப்போதும் நிரம்பி வழியும். எனக்கும் தெரியும். பத்துப் பேர் ஏற, இரண்டு பேர் இறங்க, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கதவு மூடாமல் திணறும். என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். அவருக்கு ரோட்டின் நியாயம் தெரியும். "பின்னால உள்ளது காலியா வருது பாரு. அதுல போவோம்" என்பார். நான் கேட்டதே இல்லை. "நின்னு கேட்டு வாங்கினத விடக்கூடாதுங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். யாராவது எழுந்து அவருக்கு இடம் கொடுப்பார்கள். சில நாள் கொடுக்க மாட்டார்கள்.

இந்த பஸ்கள் ஏன் இப்படிக் கூட்டம் கூடி வருகின்றன என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றது. ஆனாலும் கோயில் அன்னதானத்தில் பரிமாறிப் பரிமாறி எனக்கு ஒன்று விளங்கியது. சோற்று வாளிக்காரர் முன்னால் போவார். ஒவ்வொரு இலையிலும் நிற்பார். இன்னும் கொஞ்சம் என்பார் ஒருவர், பிள்ளைக்குக் குறைத்து வையுங்கள் என்பார் இன்னொருவர். அதற்குள் சாம்பார்க்காரர் அவர் முதுகில் வந்து முட்டுவார். கூட்டுக்காரர் சாம்பார்க்காரரை முட்டுவார். முன்னால் போகிறவர் சோம்பேறி இல்லை. எல்லா இலையும் அவரைத்தான் கூப்பிடுகிறது. பிந்தப் பிந்தக் கூப்பிடுகிற இலைகளும் கூடுகின்றன. பஸ்ஸும் அப்படித்தான். முதலில் வருவது காத்துக் கிடந்த கூட்டம் முழுவதையும் சுமக்கிறது. பின்னால் வருவதற்கு ஆளே மிஞ்சுவதில்லை, அதனால் அது ஓடி வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "இவ்ளோ தெரிஞ்சி வச்சிக்கிட்டு, தெனம் அந்த மொத பஸ்லயே என்னைய ஏத்துறியே" என்றார்.

அறிவுக்குத் தெரிவது வேறு, மனசு துணிவது வேறு. எனக்கு அந்தத் துணிவு வந்தது ஒரு புதன்கிழமை.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. நாங்கள் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து நின்றோம். சாலை முழுக்கக் காரும் லோரியும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. பஸ் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஸ்டாப்பின் கூரைக்குக் கீழே கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. சந்தைச் சாமான் போட்ட பாசார் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு சீன அம்மாள் தன் இருக்கையை என் வீட்டுக்காரருக்கு விட்டுக் கொடுத்தார். மகளுக்குப் போன் போட்டேன். அங்கிருந்தே அவள் எங்களுக்கு வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தாள். "அம்மா, மழை ஜாம்ல ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான்" என்றாள். எனக்கு ஆத்தாவைக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அவர் தன் வீங்கிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்குக் கால் அதிகமாகவே வீங்கியிருந்தது. செருப்பின் வார் தோலில் புதைந்திருந்தது.

பிறகு வந்தது, ஒன்றல்ல, மூன்று. மழைத் திரைக்குள்ளிருந்து ஆறு விளக்குகள் வரிசையாக வந்தன. முதல் பஸ் எங்கள் எதிரில் நின்றது. கண்ணாடிக் கதவில் உள்ளே இருப்பவர்களின் முதுகு ஒட்டியிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஸ்டாப்புக்குள் வர இடமில்லாமல் பின்னால் நின்றன. கூரைக்குக் கீழே இருந்த கூட்டம் முழுவதும் முதல் பஸ்ஸை நோக்கிப் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். அவர் முழங்கையைப் பிடித்துப் படிக்கு இழுத்தேன்.

ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர், நரைத்த தாடி வைத்தவர். கட்டை விரலால் பின்பக்கம் காட்டி, "மக்சிக், பெலாகாங்! பெலாகாங் கோசோங்!" என்று கத்தினார். அம்மா, பின்னால் போங்கள், பின்னால் காலி என்கிறார். எனக்கு அது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. நான் என் வீட்டுக்காரரைத் தள்ளினேன். அவர் காலைத் தூக்கப் பார்த்தார். கால் படிவரைக்கும் வரவில்லை.

"ஏம்மா... ஏறல."

"ஏறிடுங்க, இன்னும் கொஞ்சந்தான், நான் புடிச்சிருக்கேன்."

"கால் ஏறலம்மா."

அப்போது என் தோளைத் தொட்டு ஒரு குரல் கேட்டது. "ஆன்டி, ஏன் அங்கிளப் போட்டு இப்படி இழுக்கிறீங்க?"

திரும்பினேன். ஓட்டுநர் உடுப்பில், கையில் குடையோடு ஒரு தமிழ்ப் பெண். என் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். நெற்றியில் சின்னதாகக் குங்குமம். மூன்றாவது பஸ்ஸை ஓட்டி வந்தவர் அவர்தான். எங்களைப் பார்த்துவிட்டு மழையில் இறங்கி நடந்து வந்திருக்கிறார்.

"என் பஸ் சும்மாதான் கிடக்கு லா. அதுல வாங்க."

"இல்ல தங்கச்சி, நான் ஆத்தாவக் கும்பிட்டு வாங்கின பஸ்ஸு இது. வந்தத விடக்கூடாது. இவரு நாற்காலி போயிடும், பிரிக்பீல்ட்ஸ் போவணும், ரத்தம் கழுவ..." என்று நான் ஏதேதோ உளறினேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கேலி செய்யவில்லை. குடையை என் வீட்டுக்காரர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஆன்டி, கோயில் ஊர்வலம் பாத்திருக்கீங்கதானே?"

"பாத்திருக்கேன்."

"மொதல்ல யாரு வருவாரு?"

"பிள்ளையாரு."

"அப்புறம்?"

"முருகன்."

"ஆத்தா?"

என் கண் பின்னால் நின்ற பஸ்களுக்குப் போனது.

"அவங்க பின்னாலதானே ஆன்டி வருவாங்க! பிள்ளையாரக் கும்பிட்டு அனுப்பி விடுங்க. ஆத்தா மூணாவது பஸ்ல உக்காந்திருக்காங்க. வாங்க அங்கிள், என் தோளப் புடிங்க."

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று தமிழ் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். "நான் சொன்னா கேக்க மாட்டா. ஆத்தா பேரச் சொன்னாத்தான் கேப்பா" என்றார். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை ஊர்வலத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றிருக்கிறேன்! முதல் ரதம் வந்ததும், இதுதான் அம்மன் என்று தட்டை நீட்டிவிட்டா வீட்டுக்குப் போனேன்? அவள் ரதம் வரும்வரை கால் கடுக்க நின்றேனே. பஸ் ஸ்டாப்பில் மட்டும் அது எப்படி எனக்கு மறந்து போனது?

முதல் பஸ்ஸின் கதவைப் பிடித்திருந்த கையை விட்டேன்.

மூன்றாவது பஸ்ஸுக்கு நடந்தோம். அந்தப் பெண் முதலில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினார். பெருமூச்சு விட்டுக்கொண்டு பஸ் எங்கள் பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்தது. பாகன் சொன்னதும் யானை காலை மடக்கிக் கொடுக்குமே, அது மாதிரி. நடைபாதையும் படியும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "பிரேக் காத்து நல்லா இருக்கு இந்த வண்டிக்கு" என்றார். லோரிக்காரர் புத்தி.

எங்கள் பின்னாலேயே பாசார் வண்டியோடு அந்தச் சீன அம்மாள் வந்தார். முன்னால் மலாய் ஓட்டுநர் தன் பயணிகளைப் பார்த்து ஏதோ உரக்கச் சொல்ல, தூரம் போக வேண்டியவர்கள் பலர் இறங்கிப் பின்பக்கம் ஓடி வந்து எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அவர் பஸ்ஸின் கதவு அப்போதுதான் ஒழுங்காக மூடியது.

பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் வியந்து பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஓட்டுநர் விளக்கை இரண்டு முறை மின்னவிட்டார். இரண்டாவது பஸ் அசையாமல் நின்றது. முதல் பஸ்ஸின் ஓட்டுநர் சன்னல் வழியாகக் கையை மழையில் நீட்டி, பக்கத்துத் தடத்தில் வந்த கார்களை நிறுத்தச் சொல்லிக் காட்டினார். ஒரு கார் நின்றது. அந்த இடைவெளியில் எங்கள் பஸ் வெளியே வந்து, மற்ற இரண்டையும் தாண்டி முன்னால் போனது. எனக்கு உடனே அன்னதானப் பந்திதான் ஞாபகம் வந்தது. அனுபவப்பட்ட ஆள் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்க மாட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பிப்பார். அதை யாரும் அவருக்கு உத்தரவு போட்டுச் சொல்வதில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தால் போதும்.

"பெல் அடிச்சா நிப்பாட்டுவேன். யாரும் எறங்கலன்னா நேராப் போறேன்" என்று அந்தப் பெண் தமிழிலும் மலாயிலும் உரக்கச் சொன்னார். அடுத்தடுத்த ஸ்டாப்புகளில் கையைக் காட்டியவர்களுக்கெல்லாம், பின்னால் வருகிறது என்று சைகை காட்டிக்கொண்டே போனார். ஒரு ஸ்டாப்பில் நனைந்து நின்ற ஓர் ஆள் கோபத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை விட்டார். எனக்குத் திக்கென்றது. எத்தனை நாள் அவர் நின்ற இடத்தில் நின்று நானும் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்! இன்று எனக்காக ஒருவர் நிற்கிறார். ஆத்தா, அவருக்கு அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

"திட்டுவாங்க ஆன்டி. திட்டட்டும்" என்றார் அந்தப் பெண், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து. "மூணு பஸ்ஸும் ஒண்ணாவே போனா அடுத்த ரவுண்டுலயும் மூணும் ஒண்ணாத்தான் வரும். அப்புறம் நாள் பூரா இதே கதைதான்."

"இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"திட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டது அங்கிள்."

ஜாம் ஒன்றும் விலகிவிடவில்லை. பஸ் பறந்தது என்று சொன்னால் பொய். ஊர்ந்ததுதான். ஆனால் கதவு திறந்து மூடுகிற நேரமெல்லாம் மிச்சமாயிற்று. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "இந்தப் பொண்ணு வண்டிய நிறுத்துற அழகப் பாரு. கண்ணாடி தம்ளர்ல தண்ணி வச்சாலும் சிந்தாது" என்றார். தான் ஓட்டிய காலத்தில் வேறு யாரையும் அவர் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு அருகே இறங்கினோம். மறுபடியும் பஸ் சாய்ந்து கொடுத்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "போங்க ஆன்டி, போங்க, நாற்காலி!" என்று என்னை விரட்டிவிட்டார்.

மையத்தில் தாதி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் நம் பெண்தான். "வாங்க வாங்க, அங்கிள எடைமேல நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நேரத்த வெட்டியிருக்கணும்" என்றார். எடை பார்த்து, கையைக் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து ஊசி ஏற்றினார்கள். "முழு நாலு மணி நேரம் கெடைக்குமா?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "கெடைக்கும் அக்கா, முழுசாக் கெடைக்கும். நீங்க போய் ஒரு தே தண்ணி குடிங்க" என்றார். இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. நான் வெளியே வந்து, மழை ஓய்ந்த சாலையைப் பார்த்துக் கைகூப்பினேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால், பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அதே வாரத்து வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் ஆத்தாவுக்குப் படைக்கிற கடலைச் சுண்டலை மூன்று பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். இப்போதெல்லாம் வரிசை வந்தால் முதல் பஸ்ஸை நோக்கி ஓடுவதில்லை. முதல் பஸ்ஸுக்குப் பொட்டலத்தை நீட்டி ஒரு கும்பிடு, இரண்டாவதற்கு ஒன்று, காலியாக வருகிற மூன்றாவதில் ஏறி மூன்றாவது பொட்டலம். மலாய் ஓட்டுநர் எனக்கு 'மக்சிக் காச்சாங்' என்று பெயரே வைத்துவிட்டார், கடலை அம்மா என்று. நோன்பு மாதத்தில் வாங்கி, நோன்பு துறக்கும்போது சாப்பிடுவதற்காகத் தன் முன்னால் பத்திரமாக வைத்துக்கொள்வார். அந்தத் தமிழ்ப் பெண் பொட்டலத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வார். புதிதாக யாராவது முதல் பஸ்ஸில் முட்டி மோதினால், "பின்னால வாங்க, பின்னாலதான் ஆத்தா வரா" என்று நானே கூப்பிடுகிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சிலர் வருகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அதிசயமாக ஒரே ஒரு பஸ் வந்தது. தனியாக, நேரத்தோடு, உட்கார இடத்தோடு வந்தது. வேறொரு ஓட்டுநர், எங்களுக்குப் பழக்கமில்லாதவர். அவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன். இரண்டு மிஞ்சிவிட்டது.

"பாத்தியா, இன்னிக்கி பஸ்ஸு ஒழுங்கா வந்ததுல ஒனக்குத்தான் நட்டம்" என்றார் என் வீட்டுக்காரர். கண் பொட்டலத்தின் மேலேயே இருந்தது. கடலை அவருக்கு ஆகாது, டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். "ஊருக்கெல்லாம் சுண்டல். கட்டினவனுக்கு வாசம் மட்டும்."

ஒன்றைத் தாதியிடம் கொடுத்தேன். இன்னொன்றை, சாயங்கால நாற்காலிக்காரரைக் கூட்டிவந்து வெளியே காத்திருந்த அவர் மனைவியிடம் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முழு நேரமும் முடிந்து, வீக்கம் வடிந்த காலில் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ் வந்துச்சி" என்றேன்.